மாலையில் கூண்டுக்குள் போக மறுத்த கோழிகள்

ஏறக்குறைய இரண்டு மாத காலம், ஒவ்வொரு மாலையும், கையில் ஒரு புளிய விளாரை வைத்துக்கொண்டு 14 கோழிகளைக் கூண்டுக்குள் விரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கூண்டு நானே நின்று கட்டுவித்தது. பழைய மரப்பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகைகள், மேலே தகரக் கூரை, உள்ளே கோழிகள் ஏறி உட்கார மூங்கில் கழிகள், மூலையில் முட்டையிட வைக்கோல் பரப்பிய கூடைகள் என்று பார்ப்பவர் பாராட்டும்படிதான் இருந்தது. முதல் சில மாதங்கள் பொழுது சாயும் முன்பே வரிசையாக உள்ளே போய் அடைந்த கோழிகள், ஒரு கட்டத்துக்குப் பிறகு வாசல்வரை வந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கின. ஒன்று முருங்கை மரத்தில் ஏறியது, இன்னொன்று மதில்மேல் போய் உட்கார்ந்தது, மற்றவை வாசலிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. மரநாய் நடமாட்டம் உள்ள இடம் என்பதால் நான் ஒன்றையும் வெளியே விடுவதில்லை. விளாரை ஓங்கி, கத்தி, கடைசியில் காலைப் பிடித்துத் தூக்கியாவது உள்ளே போட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கைகழுவுவேன். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருநாள், "அதுகளுக்கு அந்த ஊடு புடிக்கல போலிருக்குது கண்ணு" என்றார். நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

எங்கள் ஊர் இராசிபுரத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நாமக்கல் மாவட்டத்தில் கோழி என்றால் இலட்சக்கணக்கில் கம்பிக் கூண்டுகளில் நிற்கும் வெள்ளை முட்டைக்கோழிதான் முதலில் நினைவுக்கு வரும்; வீட்டுக்கோழியை யாரும் தொழிலாக எண்ணுவதில்லை. அதனாலேயே அதைப் பற்றி எல்லோரிடமும் ஒரே ஒரு வாசகம் தயாராக இருக்கும்: நாட்டுக்கோழிக்கு ஒரு நோயும் வராது, இரண்டு கை தானியத்தை வீசினால் அதுபாட்டுக்கு வளரும். இந்த வாசகத்தைத்தான் என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. அதை முழுப் பொய் என்றும் ஒதுக்க முடியாது. திறந்தவெளியில் திரிந்து, மண்ணில் புரண்டு, மரத்தில் அடையும் கோழிக்கு அது ஓரளவு பொருந்தும். அந்தக் கோழியைப் பிடித்து ஒரு பலகைக் கூண்டுக்குள் அடைத்த பிறகும் அதே வாசகத்தை நம்பிக்கொண்டிருப்பதில்தான் கோளாறு இருக்கிறது. நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அறிகுறிகள் இல்லாமல் இல்லை. நாளுக்கு ஆறு, ஏழு என்று கிடைத்துக்கொண்டிருந்த முட்டை இரண்டு, மூன்றாகக் குறைந்தது. செம்பருத்திப் பூப்போல இருந்த கொண்டைகள் வெளுத்தன. முட்டை எடுக்கக் கூடைக்குள் கையை விட்டு வந்தால் மணிக்கட்டில் நெடுநேரம் அரிப்பு நிற்காது. சந்தையில் வாங்கிவந்திருந்த சேவலைப் பிடித்து வாலடி இறகை விலக்கிப் பார்த்தபோது, வைக்கோல் நிறத்தில் பேன்கள் வெளிச்சம் பட்டதும் நாலாபுறமும் ஓடின. இறகுத் தண்டுகளின் அடியில் ரவையைப் பசை தடவி ஒட்டியதுபோல ஈர்கள் கொத்தாகப் படிந்திருந்தன. காரணம் அகப்பட்டுவிட்டது என்ற நிம்மதியோடு, கால்நடை மருந்துக்கடையில் பேன்பொடி வாங்கி 14 கோழிகளுக்கும் இறக்கையடி, வாலடி, கழுத்து என்று தேய்த்துவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் தேய்த்தேன். பேன் உண்மையிலேயே குறைந்தது. ஆனால் கொண்டை சிவக்கவில்லை, முட்டை கூடவில்லை, மாலை நேரத்து விரட்டலும் நிற்கவில்லை.

பஞ்சாரத்தைக் கவிழ்த்த இரவு

அப்போது சாம்பல்நிறச் சிறுவிடைக் கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருந்தது. அதற்கு முன் இரண்டு முறை முட்டைக்கு ஒரு குஞ்சு சேதமில்லாமல் பொரித்துக் காட்டிய கோழி. அதன்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. சேவலைச் சந்தையிலிருந்து கொண்டுவந்த அதே மூங்கில் கூடையில், வைக்கோல் போட்டு, 11 முட்டைகளை வைத்து உட்கார வைத்திருந்தேன். 21 நாள் கணக்கில் 16ஆம் நாள் மாலை போய்ப் பார்த்தால் கோழி கூடையை விட்டு இறங்கி, கூண்டின் மூலையில் இறகை உதறியபடி நின்றுகொண்டிருந்தது. முட்டைகள் ஆறத் தொடங்கியிருந்தன. இன்னும் ஐந்தே நாள் இருக்கையில் இப்படிச் செய்கிறதே என்ற ஆத்திரத்தில், அதைப் பிடித்து முட்டைமேல் உட்கார வைத்து, மறுபடி இறங்கிவிடாதபடி மேலே, கோழியை மூடி அடைக்கும் கூடையான பஞ்சாரத்தைக் கவிழ்த்து, பஞ்சாரத்தின்மேல் ஒரு கல்லையும் தூக்கி வைத்தேன்.

மறுநாள் காலை தீனியும் தண்ணீரும் வைத்தபோது அது எழுந்து வரவில்லை. அடையில் இருக்கிற கோழி அப்படித்தான் என்று திரும்பவும் மூடினேன். அதற்கடுத்த நாள் காலை பஞ்சாரத்தைத் தூக்கியபோது கோழி தலையை ஒருபக்கம் சாய்த்து முட்டைமேலேயே செத்துக் கிடந்தது. கொண்டை தாள்போல வெளுத்திருந்தது. தூக்கியபோது எடை மிகவும் குறைந்திருந்தது. அதைக் கீழே வைப்பதற்குள் என் முழங்கைவரை ஏதோ ஊர்வதை உணர்ந்தேன். வைக்கோலைப் புரட்டினால், அடிப்பக்கம் முழுவதும் மிளகுத்தூளைக் கொட்டியதுபோலச் சாம்பலும் கருஞ்சிவப்புமாக ஒரு படலம். உற்றுப் பார்த்தால் அந்தப் படலம் நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று இரவு பதினொரு மணிக்கு, ஒரு வெள்ளை வேட்டித் துண்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். கோழிகள் அடைந்தபின் இரவில் நான் அந்தக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கோழிகளின் உடல்நிலையைப் பார்ப்பதெல்லாம் பகல் வெளிச்சத்தில், முற்றத்தில் வைத்துத்தான். உள்ளே ஒரு கோழிகூட நிம்மதியாக உட்கார்ந்திருக்கவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றன, அலகால் தொடையைக் கொத்திக்கொண்டன, தலையை உதறின. மூங்கில் கழியின் அடிப்புறத்தில் துண்டை வைத்து ஒரு முழ நீளத்துக்கு அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். துணியில் நெடுக இரத்தக் கோடு. நசுங்கியவை போக மிச்சமிருந்தவை துணிமேல் ஓடின. மூங்கிலின் கணுவில் இருந்த வெடிப்பில் டார்ச்சைக் காட்டியபோது, அந்தப் பிளவு முழுவதும் அவை அடைத்துக்கொண்டு இருந்தன. இரண்டு மாதமாக ஒவ்வொரு மாலையும் விளாரை ஓங்கி நான் அவற்றை விரட்டி அடைத்த இடம் அதுதான்.

பேன் வேறு, செல்லு வேறு

ஒரு சிறு குப்பியில் பிடித்துக்கொண்டு போனதைக் கால்நடை மருந்தக மருத்துவர் உருப்பெருக்கியில் வைத்து எனக்கும் காட்டினார். எட்டுக் கால்கள். பேனுக்கு ஆறு கால்கள்தான். இந்த இரண்டு கால் வித்தியாசத்தைத்தான் நான் கோட்டைவிட்டிருந்தேன். மொழியும் அதற்குக் கொஞ்சம் துணைபோனது என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்தில் கோழிமேல் ஊர்கிற எல்லாவற்றையும் 'செல்லு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். வேளாண் நூல்களோ எட்டுக்கால் உயிரியைக்கூடச் 'சிலந்திப்பேன்' என்று எழுதிப் பேன் கணக்கில் சேர்த்துவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் ஆறுகாலியைப் பேன் என்றும் எட்டுக்காலியைச் செல்லு என்றும் பிரித்தே சொல்கிறேன்.

பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடம்பிலேயே கழிக்கிறது. இறகுத் தண்டில் ஈர் வைக்கிறது, ஒரு வாரத்துக்குள் அது பொரிகிறது, மொத்தம் மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். கோழியை விட்டு இறங்கினால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்குமேல் அதனால் பிழைக்க முடியாது. ஆகவே பேனுக்குக் கோழியின்மேல் மருந்து போடுவது சரி. பொடி ஈரைக் கொல்லாது என்பதால் ஏழு முதல் பத்து நாள் கழித்துத் திரும்பப் போடுவதும் சரி. ஆனால் என் கூண்டில் இருந்த செஞ்செல்லு, டெர்மனிசஸ் என்று அறிவியலார் அழைப்பது, கோழியின்மேல் குடியிருப்பதே இல்லை. பகலெல்லாம் பலகை இடுக்கிலும் மூங்கில் வெடிப்பிலும் பதுங்கியிருந்து, இருட்டியபின் கழி வழியாக ஏறி, இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் இறங்கிப் போய்விடுகிறது. பசித்திருக்கும்போது சாம்பல்நிறம், குடித்தபின் சிவப்பு. வெதுவெதுப்பான பருவத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த உயிராக ஒரு வாரம் போதும். குளிர்ச்சியான இடத்தில் தீனியே இல்லாமல் பல மாதங்கள் உயிரோடு கிடக்கவும் வல்லது. நான் பகலில் கோழியைப் பிடித்துப் பொடி தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவை பலகைக்குள் உறங்கிக்கொண்டிருந்தன. கோழியில் பார்த்த பேன் உண்மைதான். ஆனால் அதைக் கண்டுபிடித்த திருப்தியே பெரிய திருடனைத் தேடவிடாமல் செய்துவிட்டது.

அடைக்கோழி செத்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. மற்ற கோழிகளுக்காவது பகல் முழுவதும் ஓய்வு உண்டு. அடைக்கோழி 21 நாளும் ஒரே இடத்தில், அதுவும் செல்லு பதுங்குகிற இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. நாளுக்குச் சில நிமிடங்கள் இறங்கித் தின்று, குடித்து, அவசரமாக மண்ணில் ஒருமுறை புரண்டுவிட்டு ஓடிவரும். அந்தச் சில நிமிடங்களையும் நான் பஞ்சாரம் கவிழ்த்துப் பறித்துவிட்டேன். நாட்டுக்கோழிக்கு ஒன்றும் வராது என்பவர்களிடம் நான் எடுத்து வைக்கும் முதல் மறுப்பு இதுதான்: கம்பிக் கூண்டில் முட்டையிடும் கோழி அடைக்கு உட்காருவதே இல்லை, அடையில் உட்காரும் நம் கோழிக்குத்தான் இந்த ஆபத்து.

கூண்டுக்குச் செய்த வைத்தியம்

கோழிகளைப் பத்து நாளுக்கு வீட்டுக்குப் பின்புறம் பஞ்சாரங்களில் அடைத்துவிட்டுக் கூண்டைப் பிரித்தேன். வைக்கோலையும் சந்தைக் கூடையையும் தோட்டத்துக் கோடியில் போட்டு எரித்தேன். அந்தக் கூடை வழியாகத்தான் முதல் குடி வந்திருக்க வேண்டும். எத்தனையோ கோழிகள் ஏறி இறங்கிய கூடையை முட்டைக்கூடாக வைத்தது என் சிக்கனம். பலகைகளின் மூட்டுகளில் கொதிநீரை ஊற்றினேன். காய்ந்த தென்னோலையைச் சூட்டாகக் கட்டிப் பற்றவைத்து, பலகை கருகாமல் சட்டங்களின் ஓரமெல்லாம் காட்டியபோது பொரிகிற ஓசை கேட்டது. மூங்கிலை மொத்தமாகத் தூக்கிப் போட்டேன். கணுவும் உள்ளீடற்ற தண்டும் கொண்ட மூங்கிலைப்போலச் செல்லுக்கு ஏற்ற வீடு வேறில்லை. அதற்குப் பதிலாகப் பட்டை உரித்து வழவழப்பாகச் சீவிய சவுக்குக் கழிகள். இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்து, உள்ளும் புறமும் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்தேன். ஆறாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் மூட்டுகளுக்கு மட்டும் இதையே திரும்பச் செய்தேன். முதல் முறையில் தப்பிய முட்டைகள் பொரித்து, அவை அடுத்த முட்டையிடுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இவற்றில் எனக்கே பிடித்த வேலை, கழிகளைச் சுவரிலிருந்து பிரித்ததுதான். முன்பு பலகைச் சுவரில் துளையிட்டுச் செருகியிருந்தேன். அதாவது செல்லுக்கு நானே பாலம் போட்டுக் கொடுத்திருந்தேன். இப்போது கழிகள் சுவரைத் தொடாமல் நான்கு கால்கொண்ட தாங்கியில் நிற்கின்றன. ஒவ்வொரு காலும் கழிவு எண்ணெய் ஊற்றிய ஒரு கிண்ணத்துக்குள் நிற்கிறது. பலகாரம் வைக்கும் பீரோவின் கால்களுக்கு அடியில் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். அது கோழிக்கூண்டுக்கும் ஆகும் என்று தோன்ற ஒரு கோழி சாக வேண்டியிருந்தது.

மருந்து தெளிப்பதை நான் ஒதுக்கவில்லை. தெளித்தது கூண்டுக்கு, அதுவும் மருத்துவர் எழுதிக்கொடுத்ததை, அவர் சொன்ன அளவில், கோழியில்லாத கூண்டில். ஆனால் நண்பர் ஒருவர், நாய் உண்ணிக்கு அடிக்கும் பிப்ரோனில் மருந்தைக் கோழிமேலேயே இரண்டு சொட்டு விட்டால் ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று வற்புறுத்தினார். தீரத்தான் செய்யும், பிறகு அந்த முட்டையை யார் தின்பது? 2017இல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே செஞ்செல்லை ஒழிக்கப் பண்ணைகளில் அடித்த மருந்தில் பிப்ரோனில் கலந்திருந்தது தெரிந்து, கோடிக்கணக்கான முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. அங்கே பரிசோதித்துக் கண்டுபிடிக்க ஓர் அமைப்பு இருந்தது. என் வீட்டு முட்டையை யார் பரிசோதிப்பார்? பழைய காலத்தைப் புகழ்ந்து பேசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் பாட்டி அடைக்கூட்டில் நொச்சித் தழை போட்டது உண்மை. அந்தத் தழைக்கு அடியில் ஒரு கரண்டி கேமாக்ஸின் என்ற பூச்சிக்கொல்லிப் பொடியும் தூவினார் என்று அம்மா சொல்கிறார். 1997இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பொருள் அது.

மண் குளியல்

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் அதிக நேரம் செலவிட்டது கோழிகள் மண்ணில் புரள்வதைப் பார்ப்பதில்தான். முதலில் காலால் ஒரு பள்ளம் பறிக்கும். பிறகு ஒருக்களித்துப் படுத்து, இறகு ஒவ்வொன்றையும் சிலிர்த்து நிமிர்த்தி, இறக்கையால் புழுதியை வாரித் தோலடிவரை இறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கால்மணி நேரம்கூடக் கிடக்கும். எழுந்து ஓர் உதறு உதறினால் புகைபோலப் புழுதி பறக்கும். பிறகு உட்கார்ந்து அலகால் இறகை ஒவ்வொன்றாகக் கோதத் தொடங்கும். மேலலகு கீழலகைவிடச் சற்று நீண்டு வளைந்திருப்பதால்தான் பேனை நசுக்கி எடுக்க முடிகிறது. எங்கள் மாவட்டப் பண்ணைகளில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க அலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். அலகு முழுதாக உள்ள கோழிகளைவிட அவற்றில் பேனும் செல்லும் பெருகுவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

இந்தக் குளியலுக்கு உலர்ந்த புழுதி வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோட்டம் முழுவதும் சேறாகிவிட்டால் வாரக்கணக்கில் கோழி குளிப்பதே இல்லை. பேன் பெருகுவது அப்போதுதான். ஆகவே ஒரு பழைய லாரி டயரைத் தாழ்வாரத்தின் அடியில், சாரல் படாத இடத்தில் போட்டு, சலித்த செம்மண்ணும் மணலும் மூன்று பங்கு, ஆறிய விறகுச் சாம்பல் ஒரு பங்கு என்று நிரப்பினேன். சாம்பல் அதிகமானாலும் நனைந்தாலும் தோலை அரிக்கும். அதனால் அளவு முக்கியம். பிறகு இதில் கைப்பிடியளவு கந்தகத்தூளும் சேர்க்கத் தொடங்கினேன். 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தினர், கோழிகள் புரளும் பெட்டிகளில் மணலோடு வெவ்வேறு தூள்களைக் கலந்து பார்த்தார்கள். வெள்ளைக் களிமண் போன்றவை புரண்ட கோழிகளுக்கு மட்டுமே பயன்பட்டன. பெட்டியை எடுத்ததும் தொல்லை திரும்பியது. கந்தகம் மட்டும், பெட்டிப் பக்கமே போகாத கோழிகளின் பேனையும் செல்லையும்கூட ஒழித்தது. புரண்டுவந்த கோழிகளோடு உரசியதே போதுமானதாக இருந்தது. அவர்கள் பார்த்தது உடம்பிலேயே தங்கும் வகைகளை. இடுக்கில் ஒளியும் செஞ்செல்லுக்கு டயர் மட்டும் போதாது; அதற்குக் கூண்டைத்தான் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். புதிதாக வாங்கும் கோழி ஒரு மாதம் தனிப் பஞ்சாரத்தில் இருந்த பிறகே கூட்டத்தில் சேர்கிறது. அதைக் கொண்டுவந்த கூடையோ அட்டைப்பெட்டியோ வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. கூரை இடுக்கில் மைனாவும் குருவியும் கூடு கட்டாதபடி வலை அடித்திருக்கிறேன். அவையும் செல்லைச் சுமந்து வருபவைதான். அடைக்கு இப்போது கூடை இல்லை. அகன்ற மண்சட்டியில் மணல் பரப்பி, மேலே வேப்பந்தழையும் நொச்சியும் போட்டு வைக்கிறேன். குஞ்சு இறங்கிய அன்றே மணலைக் கொட்டிச் சட்டியை அடுப்பில் சூடேற்றிக் கவிழ்த்துவிடுகிறேன். தழை செல்லைக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு அடைக்கும் பழையதைக் கொட்டிப் புதியது போட வைக்கிறதே, அந்தப் பழக்கத்தில்தான் பயன் அதிகம். சந்தைச் சேவலின் கால் செதில்கள் சுண்ணாம்பு பூசியதுபோலத் தூக்கிக்கொண்டு நின்றன. அது செதிலுக்கு அடியில் துளைத்து வாழும் வேறொரு செல்லின் வேலை. மண்ணெண்ணெய் தடவச் சொன்னவர்கள் உண்டு. அது தோலைப் பொசுக்கிவிடும். வெந்நீரில் சோப்புக் கரைத்துக் காலை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்த்து, வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து வாரம் இருமுறை தடவினேன். மூன்று மாதம் பிடித்தது.

சனிக்கிழமை இரவுகளில் இப்போதும் வெள்ளைத் துண்டோடு போய்க் கழியின் அடிப்புறத்தைத் துடைத்துப் பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருமுறை துணியில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. மறுநாளே மூட்டுகளுக்குக் கொதிநீர் ஊற்றினேன். மாலையில் விளாருக்கு வேலை இல்லை. கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்துவிடுகிறேன். அவை ஒவ்வொன்றாக உள்ளே போகின்றன. ஒரு கறுப்பு விடைக்கோழி மட்டும் வாசல்வரை வந்து, கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் முருங்கையில் ஏறிவிடுகிறது. அந்த மரத்தின் அடியில் மரநாய் ஏற முடியாதபடி நான்கடி உயரத்துக்குத் தகரம் சுற்றிவிட்டேன்.